ஏழு காளைகள் சினையான வியாழக்கிழமை

நான் வேலை பார்க்கும் ஜெர்மன் ஊரில் டிராம் 7.42க்கு வரும் என்று பலகையில் போட்டிருந்தால் 7.42க்கு வந்து நிற்கும். ஒரு நிமிடம் தாமதமானால் போதும், நிறுத்தத்தில் இருப்பவர்கள் துக்க வீட்டில் நிற்பதுபோல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அங்கே நான்கு வருடம் இருந்ததில் எனக்கும் கடிகாரத்தின் மேல் அசைக்க முடியாத பக்தி வந்துவிட்டது. அந்தப் பக்தியோடு கல்வராயன் மலைக்கு வந்தேன். விளைவு, ஒரே காலைப் பொழுதில் ஏழு காளை மாடுகள் சினையாயின.

என்ன வேலையாக வந்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் ஆராய்ச்சி டேட்டாபேஸ் பற்றியது. வழக்கமாக எங்கோ ஒரு பெரிய கம்ப்யூட்டர் எல்லா விவரத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நாமெல்லாம் போனை நீட்டி அதனிடம் கேட்டு வாங்குவோம். அதற்கு சிக்னல் வேண்டும். நான் செய்திருப்பது நடுவில் பெரியவர் யாரும் இல்லாத ஏற்பாடு. ஒவ்வொரு போனிலும் முழு விவரமும் இருக்கும். இரண்டு போன்கள் பக்கத்தில் வந்தால், இணையம் இல்லாமலே தங்களுக்குள் பேசி, தெரிந்ததைப் பரிமாறிக்கொள்ளும். ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த செய்தி தெரு முழுக்கப் பரவ செய்தித்தாள் தேவைப்படுவதில்லை அல்லவா, அந்த மாதிரி.

மலையில் சிக்னல் இல்லாத எட்டு ஊர்கள். ஊருக்கு ஒருவர், அவருடைய சொந்த போன். வெள்ளிக்கிழமை மாடுகளுக்குக் கோமாரி ஊசி போடும் முகாம். அதற்குமுன் எட்டு போனிலும் மாட்டுப் பட்டியல் ஒரே மாதிரி ஆகிவிட வேண்டும். ஆகாவிட்டால் இந்த வழியை விட்டுவிட்டு எல்லோரையும் போலப் பெரிய கம்ப்யூட்டருக்கே திரும்பிவிடு என்று என் பேராசிரியர் சொல்லியிருந்தார். அவர் எதையும் கோபமாகச் சொல்ல மாட்டார். அதனாலேயே பயமாக இருக்கும். நான்கு வருட உழைப்பை ஐந்து நாளில் மலைமேல் வைத்து நிரூபிக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்கு எதிரே பூரியும் கிழங்கும் சாப்பிட்டுவிட்டு மாட்டு டாக்டரைப் பார்த்தேன். என் நிரலை, அதாவது நான் எழுதிய ஆப்பை, எட்டுப் பேரின் போனிலும் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். முகாமின் சட்டத்தை ஒரே மூச்சில் சொன்னார்.

"பாருங்க மேடம், பட்டியல்ல எத்தினி மாடோ அத்தினி டோஸ்தான் எடுத்துக்கினு வருவேன். ஐஸ் பெட்டிய வுட்டு வெளிய வந்தா மருந்து வீணாப்பூடும். சினை மாட்டுக்கு இப்ப போடறதில்ல, அத கழிச்சிடுங்க. வியாழக்கிழம சாயந்தரத்துக்குள்ள பட்டியல் என் கைக்கு வரணும்."

"எப்படி வரும்னு நினைக்கிறீங்க சார்?"

"ஏழுமலை போன்லதான் வரும். அவன வுட்டா யாரு இருக்கா?"

ஏழுமலை மலைக்குப் போகும் பஸ்ஸின் கண்டக்டர். வாயில் விசில் இல்லாத நேரத்தில் மட்டும் பேசுவார். எனக்கு ஜன்னலோர இடம் கொடுத்தார், கூடவே யாருடையதோ ஒரு சேவலையும் மடியில் கொடுத்தார். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று மூச்சுவிட முடியாமல் குறுக்கே நின்றிருந்தது. ஜெர்மனியாக இருந்தால் மூன்று மொழியில் மன்னிப்பு கேட்டு அறிவிப்பு வந்திருக்கும். இங்கே எல்லோரும் இறங்கி, லாரியில் பாதிக் கிழங்கை இறக்கி ஓரமாக அடுக்கி, லாரியைத் தள்ளிவிட்டு, மறுபடி கிழங்கை ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். நானும் சுமந்தேன். சேவலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கிழங்கு சுமப்பது எப்படி என்று இப்போது எனக்குத் தெரியும்.

இறங்கிய ஊருக்குக் கைகாட்டி என்று பெயர். பஸ் அதற்குமேல் போகாது. மற்ற ஏழு ஊர்க்காரர்களும் நடந்து வந்துதான் பஸ் பிடிக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் காலியாக இருந்த ஆசிரியர் அறையில் தங்கினேன். சாப்பாடு, நிறுத்தத்துக்கு நேர் எதிரே இருந்த காசியின் வீட்டில். கைகாட்டியின் போன் அவருடையது. நாற்பது வயது இருக்கும். எதற்கும் அவசரப்படாதவர். அவர் மனைவி சாமைச் சோற்றில் மொச்சைக் குழம்பை ஊற்றினார். நான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்து, அந்த நாட்டில் சாப்பாடு கம்மியா என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை என் வாழ்க்கையின் பெரிய மகிழ்ச்சிகளில் ஒன்றைக் கண்டேன். அது ஒரு மஞ்சள் பை. பதினொன்று பத்துக்குக் கீழே இறங்கும் பஸ்ஸில் எட்டு ஊர்க்காரர்களும் தங்கள் போனை ஏழுமலையிடம் கொடுத்தனுப்புகிறார்கள். பை கள்ளக்குறிச்சிக்குப் போகும். அங்கே போன்கள் சார்ஜ் ஏறும், வர வேண்டிய மெசேஜ் எல்லாம் வரும், சாயங்கால பஸ்ஸில் திரும்பி மலையேறும். மனிதர்கள் ஊரில் இருக்க, போன் மட்டும் டவுனுக்குப் போய்வருகிறது.

என் துறையில் இரண்டு கருவிகள் எப்போது சந்திக்கும் என்பதைக் கணிக்க மட்டும் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். நானும் எழுதியிருக்கிறேன். இங்கே எட்டும் ஒரே பையில் தோளோடு தோள் உரசிக்கொண்டு நாற்பது கிலோமீட்டர் போகின்றன. பையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாமா என்று தோன்றியது. ஏழுமலை தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று விட்டுவிட்டேன்.

இங்கே என் நிரலின் ஒரே ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். ஒரே மாட்டைப் பற்றி இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதினால், கடைசியாக எழுதியது நிற்கும், முன்னால் எழுதியது அழியும். எது கடைசி என்பதை அந்தந்த போனின் கடிகாரம் சொல்லும். கருவிகளின் கடிகாரத்தை நம்பாதே என்று மாணவர்களுக்கு இரண்டு வருடம் பாடம் எடுத்தவள் நான். எல்லா போனும் சிக்னலிலிருந்து தானாகவே நேரத்தை வாங்கிக்கொள்கிறதே, பிறகென்ன என்று சோம்பேறித்தனமாக விட்டிருந்தேன்.

புதன்கிழமை இரண்டு மதியச் சாப்பாடு. ஜீப்பில் தொற்றிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போனேன். பதினொன்றே முக்காலுக்கெல்லாம் அந்த வீட்டில், மணி பன்னெண்டரைக்கு மேல ஆவுது, சாப்ட்டுத்தான் போவணும் என்று இலை போட்டுவிட்டார்கள். மலையில் சீக்கிரம் பசிக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கேழ்வரகுக் களி, கீரை, ஒரு கிண்ணம் தேன். கைகாட்டிக்கு வந்தால் அங்கேயும் இலை. இரண்டையும் சாப்பிட்டேன். கடிகாரத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரத்தில் நான் தேனைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

அன்று காசி ஊரில் இல்லை. கைகாட்டியின் உழவு மாடுகள் ஏழையும் ஓட்டிக்கொண்டு, மலையில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் பாறைமேட்டுக்கு ஏரோட்டப் போயிருந்தார். ராத்தங்கி மறுநாள்தான் வருவார். ஏழு மாடு எப்படி ஏர் பூட்டும், ஒன்று மிஞ்சுமே என்று அவர் மனைவியிடம் கேட்டேன். "எங்குளுது ஒத்த மாடு. கருப்பன். சோடி இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் அடுப்பைப் பார்க்கப் போனார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை பத்தே முக்காலுக்கே நிறுத்தத்தில் கூட்டம். எட்டு ஊர் போன்களும் பையில் போக வந்துவிட்டன. பாறைமேட்டிலிருந்து காசி மாடுகளோடு இறங்கிவிட்டார். அவரோடு பாறைமேட்டின் போனை வைத்திருக்கும் சின்னப்பொண்ணு. மெலிந்த உடம்பு, வேகமான நடை, அதைவிட வேகமான பேச்சு. எல்லோர் போனையும் வாங்கி ஒரு பலகையில் வரிசையாக வைத்தேன். ஏழுமலையின் போனும் பக்கத்தில் கிடந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து மாட்டுக் கணக்கை மட்டும் பார்த்தேன். ஒரே எண்ணிக்கை. ஒரே பட்டியல். எட்டிலும் ஒரு எழுத்து வித்தியாசம் இல்லை.

நான் குதித்தேன் என்று சொன்னால் போதாது. ஒரு ஆட்டைக் கட்டிப் பிடித்தேன். கையிலிருந்த கடலை மிட்டாயை எல்லாம் எல்லோருக்கும் கொடுத்தேன். 'எட்டும் ஒத்துப்போய்விட்டன' என்று பேராசிரியருக்கு மெசேஜ் எழுதி, சிக்னல் கிடைத்ததும் போகட்டும் என்று அனுப்புவதற்குத் தயாராக விரல் வைத்திருந்தேன்.

"எல்லாம் சரிதான் மேடம்" என்றார் காசி, மிட்டாயை மென்றபடி. "என் கருப்பன் மட்டும் இன்னும் சினையாவே கீறான்."

பட்டியலைப் பார்த்தேன். கருப்பன், சினை. அவனோடு போன ஆறு காளைகளும் சினை. எட்டு போனிலும், மிக ஒற்றுமையாக.

"வழியில பாத்தேன். மாத்தினேன். அவன் மறுபடி சினையாயிட்டான். ரெண்டாவுது வாட்டி மாத்தினேன். மூணாவுது வாட்டியும் மாத்தினேன். உங்க மிஷினு என் மாட்ட வுடாது போலருக்கு."

யார் இப்படிக் குறித்தது என்று கேட்டேன். சின்னப்பொண்ணு தயங்காமல் கையைத் தூக்கினார்.

"நான்தான். நேத்து எங்க ஊரு மாட்ட எண்ணும்போது இதுங்களையும் எண்ணிப்புட்டேன். இன்னிக்கு எங்க எல்லைய தாண்டுதுங்க இல்ல, எங்க ஊரு கணக்குலேருந்து எடுக்கணும். எடுக்கறதுக்கு உங்க போன்ல வழியே இல்ல. சினைன்னு தட்டினா பேரு மங்கிப்போவுது, எண்ணிக்கையில வராது. அதான் தட்டினேன்."

அவர் மேல் தப்பு சொல்ல முடியவில்லை. மாட்டை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாற்ற நான் வழி வைக்கவில்லை. காளையா பசுவா என்ற கட்டமும் வைக்கவில்லை. ஆனால் காசி அதற்குப் பிறகுதானே திருத்தியிருக்கிறார், ஏன் நிற்கவில்லை?

"எத்தனை மணிக்குத் தட்டினீங்க?"

"பன்னெண்டு இருக்கும்."

"இப்பவே மணி பத்து ஐம்பதுதானே ஆகுது?"

"இன்னா பத்து? ஒன்னு இருவது" என்று அவர் போனைத் தூக்கிக் காட்டினார். ஒன்று இருபதுதான். காட்டிக்கொண்டிருக்கும்போதே திரை இருண்டு போன் செத்தது. என் நிரல் பேட்டரியைக் குடிக்கும் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

"பஸ்ஸு பதினொன்னு பத்துக்கு" என்று சின்னப்பொண்ணு எனக்குப் புரியும்படி நிதானமாகச் சொன்னார். "எங்க ஊர்லேருந்து எறங்க ரெண்டரை மணி நேரம். அத்த போன்ல தள்ளி வச்சிருக்கோம். போன்ல பதினொன்னு பத்து ஆச்சுன்னா கெளம்பிடுவோம், பஸ்ஸுக்கு சரியா வந்துடுவோம். இன்னிக்கு மாடு ஓட்டிக்கினு வரணும்னு முன்னாடியே கெளம்பினோம்."

மற்றவர்களும் பலகையிலிருந்து தங்கள் போனை எடுத்து நீட்டினார்கள். பதினொன்று ஐந்து. பதினொன்று இருபத்தைந்து. பதினொன்று நாற்பது. நிறுத்தத்துக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டுமோ, அவ்வளவு நேரம் முன்னால். எட்டு ஊர், எட்டு மணி. நேற்றைய இரண்டு சாப்பாடும் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"போன் கள்ளக்குறிச்சி போகும்போது நேரம் தானா மாறிடுமே?"

"மாறும். ரெண்டு வாட்டி அப்படி போய் மணி கெட்டுப்போயி வந்துச்சு. அதான் அந்த தானா மாறற சமாச்சாரத்த எல்லாரும் நிறுத்தி வச்சிருக்கோம்."

நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவு பின்னால் எழுதியதாக என் நிரல் எடுத்துக்கொள்கிறது. பாறைமேடு சொன்னால் கைகாட்டியால் மீற முடியாது. இந்தியாவில் கைகாட்டி நாள் முழுக்கத் தோற்றுக்கொண்டிருக்க, ஜெர்மனியில் ஒரு பேராசிரியர் ஒற்றுமையைப் பார்த்துப் பாராட்டியிருப்பார்.

சிரிப்பு நின்றது காசியின் முகத்தைப் பார்த்துத்தான். அவர் சிரிக்கவில்லை.

"அப்போ என் மாட்டுக்கு மருந்து வராதா?"

வராது. டாக்டர் எண்ணித்தான் எடுத்துவருவார். இந்தப் பட்டியல் கீழே போனால் ஏழு காளைகளுக்கு நாளை ஊசி இல்லை. சின்னப்பொண்ணுவின் போனிலேயே மாற்றலாம், ஆனால் அது உயிரோடு இல்லை, அன்று ஊரில் கரண்ட்டும் இல்லை. என் பவர் பேங்க் மூன்று நாளாகக் காலி. பன்னிரண்டு மணி தாண்டிய பிறகு காசி மாற்றினால் தானாக நிற்கும், ஆனால் பஸ் பதினொன்று பத்துக்கு. டிரைவர் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்தார். நான் நிரலைத் திருத்துவதைப் பற்றி ஏதோ உளறிக்கொண்டிருந்தேன்.

"ஏன் மேடம்" என்றார் காசி. "என் போன்லயும் மணிய தள்ளி வச்சா?"

நான்கு வருடப் படிப்பு வாயை மூடிக்கொண்டது. அவர் போனை வாங்கி, தானாக மாறுவதை நிறுத்திவிட்டு, மூன்று மணி நேரம் முன்னால் தள்ளினேன். ஒன்று ஐம்பத்தைந்து. காசி ஒவ்வொரு காளையாகத் தொட்டுச் சினையை எடுத்தார். ஆறாவது மாட்டில் தப்பாகத் தொட்டு மறுபடி தொட்டார். ஏழுமலை விசிலை வாயில் வைத்துக்கொண்டே தன் போனைக் காசியின் போன்மேல் வைத்தார், குழந்தையின் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பதுபோல. ஒரு நொடி. கருப்பன் ஏழுமலையின் போனில் வெறும் மாடானான்.

"போலாம் ரைட்" என்றார் ஏழுமலை. பை ஏறியது. எழுதி வைத்திருந்த மெசேஜை நான் அழித்தேன்.

வெள்ளிக்கிழமை முகாம் பத்து மணிக்கு. ஏழு மணிக்குப் பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்தால், பள்ளிக்கூட மைதானத்தில் காசி ஒற்றையாக நிற்கிறார். பக்கத்தில் குளிப்பாட்டிய கருப்பன். அவர் போனின் மணியைத் திரும்ப வைக்க நேற்று மறந்துவிட்டேன்.

"அண்ணே, மன்னிச்சுக்கங்க. மணி இப்ப ஏழுதான். கொடுங்க, சரி பண்ணித் தர்றேன்."

"தெரியும் மேடம். வூட்டுக்காரி அப்பவே சொன்னா." அவர் போனைக் கொடுக்கவில்லை. "போன வாட்டி முகாமும் இதே எடத்துலதான். வூடு எதுருக்கதானே கீது, கூட்டம் கொறையட்டும், அப்பறம் போலாம்னு இருந்துட்டேன். நான் மாட்டோட வந்தப்ப மருந்து தீந்துபோச்சு. வெள்ளையன்னு பேரு. இவனுக்கு சோடி. பதினஞ்சு நாள்ல பூட்டான்."

கருப்பன் அவர் தோளில் முகத்தைத் தேய்த்தான்.

"ரெண்டரை மணி நேரம் நடந்து வந்தவங்க மாடெல்லாம் நின்னுச்சி. எதுருக்க இருந்தவன் மாடு போச்சு. இந்த மணி இப்படியே இருக்கட்டும் மேடம்."

பற்பசை வாயோடு நின்று அழுவது நல்ல தோற்றம் இல்லை, ஆனாலும் அழுதேன். பிறகு வாய் கொப்பளித்துவிட்டு வந்து அவரோடு மூன்று மணி நேரம் நின்றேன்.

டாக்டர் பத்து இருபதுக்கு வந்தார். முதல் ஊசி கருப்பனுக்கு. சின்னப்பொண்ணு வந்து அவன் கொம்பைப் பிடித்துக்கொண்டு, சினை கலைஞ்சிடாம பாத்து போடுங்க டாக்டர் என்றார். மைதானமே சிரித்தது, காசி எல்லோரையும்விட அதிகமாக. கடைசி மாட்டுக்குப் போட்டபோது ஐஸ் பெட்டி காலி. எண்ணிக்கை சரியாக இருந்தது.

சனிக்கிழமை அடிவாரத்தில் சிக்னல் வந்ததும் பேராசிரியருக்கு நடந்ததை மறைக்காமல் எழுதினேன். எட்டும் ஒத்துப்போயின, எட்டும் தப்பு, கடைசியில் நான் கடிகாரத்தைத் தள்ளி ஏமாற்றினேன். என் நான்கு வருடம் அந்த பஸ்ஸிலேயே இறங்கிப் போய்விடும் என்றுதான் நினைத்தேன். கள்ளக்குறிச்சி வருவதற்குள் பதில் வந்தது. "ஒத்துப்போவது வேறு, சரியாக இருப்பது வேறு என்று இருபது வருடமாகச் சொல்கிறேன், எவரும் கேட்பதில்லை. அந்தப் பாறைமேட்டு அம்மாவின் கடிகாரத்தை ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் எழுது. வேலையைத் தொடரு." பஸ்ஸிலேயே சத்தமாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த அம்மா தன் பையை நகர்த்திக்கொண்டார்.

இப்போது என் நிரல் கடிகாரத்தைக் கேட்பதில்லை. யார் எழுதியதைப் பார்த்துவிட்டு யார் எழுதினார் என்பதை மட்டும் கவனிக்கிறது. ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்காமல் இரண்டு பேர் எழுதியிருந்தால், இரண்டையும் காட்டி, மாட்டுக்காரரைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. புது நிரலும் மஞ்சள் பையில்தான் மலையேறியது. நேரத்தை ஓரத்தில் சின்னதாகக் காட்டும், அவ்வளவுதான்.

குளிர்காலம் வந்தது. ஒரு நாள் காலை 7.41க்கு டிராம் நிறுத்தத்தில் பனியில் நின்றிருந்தேன். போன் அதிர்ந்தது. ஏழுமலை அடிவாரத்துக்கு வந்து சிக்னலைப் பிடித்திருக்க வேண்டும். மாட்டுப் பட்டியலில் ஒரு புதுப் பதிவு.

பெயர் செவலை. ஊர் கைகாட்டி. மாட்டுக்காரர் காசி. காளை. சினை இல்லை. குறிப்பு என்ற இடத்தில், கருப்பனுக்கு சோடி.

ஓரத்தில் எழுதிய நேரத்தைப் பார்த்தேன். மதியம் ஒன்று ஐம்பது. கல்வராயன் மலையில் அப்போது பன்னிரண்டேகால்கூட ஆகியிருக்காது. காசி இன்னும் மணியை மாற்றவில்லை.

டிராம் வந்ததும் எனக்குத் தெரியாது, போனதும் தெரியாது.